வலது பக்கத்துப் பின்

ஏழு வருஷம் கழித்து என் அண்ணன் பட்டறைக்கு வந்தபோது நான் முதலில் பார்த்தது அவனை அல்ல, அவன் பிக்கப் வண்டியின் முன் டயர்களை. இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. ஸ்டீயரிங் ஆட்டம் கண்டு பல மாதம் ஆகியிருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு தினமும் டைல்ஸ் ஏற்றி ஓடியிருக்கிறான். ஏழு வருஷம் பட்டறைப் பக்கமே வராத மனுஷனை விட்டுவிட்டு டயரைப் பார்ப்பது தொழில் புத்தி என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

அவன் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கை ஒற்றை விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினான். நாலு விரற்கடை தூரம் சும்மாவே ஆடியது, சக்கரம் அசையவில்லை. பள்ளத்தில் இறங்கினால் டொக்கு டொக்கென்று சத்தம் வருகிறது, நேர் ரோட்டில்கூட வண்டி குடிகாரன் மாதிரி அலைகிறது என்று பட்டறைச் சுவரிடம் சொல்வது போலச் சொன்னான். பக்கத்து சீட்டில் புது டை ராட்கள் அட்டைப்பெட்டியோடு கிடந்தன. சாமானையும் அவனே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான், எனக்குக் கை வேலை மட்டும்தான்.

இத்தனை நாள் யாரிடம் காட்டினாய் என்று கேட்டேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனானாம். இடது பக்கத்தைத் திறந்து பார்க்க விட்டானாம். வலது பக்கம் ஸ்பேனர் வைக்கப் போனவனைத் தடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டானாம்.

"வலது பக்கம் நீதான் கழட்டணும்," என்றான்.

என் வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. வேலை தெரிந்தவன் கையில் கொடுக்கத் தோன்றியதே, இப்போதாவது புத்தி வந்ததே என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அந்த வண்டி எங்கள் அப்பாவுடையது. அதன் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். சொல்லிக்கொடுத்தது நான்.

ஸ்டீயரிங் திரும்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற கம்பிதான் டை ராட். அதன் முனையைச் சக்கரத்தோடு பிடித்து வைப்பது ஒரு நட்டு. நட்டு தானாகக் கழன்று போகாமல் குறுக்கே ஒரு ஸ்பிலிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் மடக்கிவிட வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத கம்பித் துண்டு. அது இல்லாவிட்டால் நட்டு ஓட ஓடத் தளரும், ஒருநாள் ஏதோ ஒரு திருப்பத்தில் சக்கரம் ஸ்டீயரிங்கின் பேச்சைக் கேட்காது.

இதற்காகவே அப்பா பட்டறையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். நட்டை முறுக்கினவன் பின் போடக் கூடாது. மற்றவன் வந்து நட்டைத் தொட்டுப் பார்த்து, அவன் கையால் போட வேண்டும். இரண்டு ஜோடிக் கண் பார்த்துவிட்டால் தப்பு வராது என்பது அவர் எண்ணம். அண்ணனும் நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் வேலை செய்தோம். ஒரு பக்கத்தை நான் முறுக்கினால் அவன் பின் போடுவான், மறுபக்கத்தை அவன் முறுக்குவான், நான் போடுவேன். எந்தப் பக்கம் யாருக்கு என்று கிடையாது, அன்றைக்கு யார் எங்கே படுத்தோமோ அதுதான்.

அப்பாவின் சொந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் புது டை ராட் போட்டுக் கொடுத்தோம். ஒரு வாரம் ஓட்டினார். எட்டாவது நாள் ஒரு திருப்பத்தில் இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி, வண்டி கல்சுவரில் போய் மோதியது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியது. இடது பக்கத்தில் நட்டே இல்லை. பின் போட்டிருந்தால் நட்டு எங்கே போகும்?

ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக அவர் கேட்ட முதல் கேள்வி, இடது பக்கம் பின் போட வேண்டியவன் யார் என்பதுதான். அம்மா பக்கத்தில் நின்றாள். நான் முந்திக்கொண்டேன். வலது பக்கம் பின் போட்டது நான், இடது பக்கம் அண்ணன் போட வேண்டியது என்றேன். அண்ணன் இல்லவே இல்லை என்றான். தான் போட்டது வலது பக்கம்தான், நம்பாவிட்டால் வண்டியைப் போய்ப் பாருங்கள், வலது பக்கத்தில் தன் மடிப்பு இருக்கும் என்று கெஞ்சினான்.

அவன் மடிப்பு என்று ஒன்று உண்டு. அண்ணன் இடதுகைக்காரன். நானும் மற்ற எல்லோரும் பின்னின் ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே மடக்குவோம். அவன் மட்டும் இரண்டு கால்களையும் சேர்த்து நட்டைச் சுற்றி ஒரே பக்கமாக முறுக்கிவிடுவான். ஒரு பக்கம் மட்டும் மீசை வைத்தவன் மாதிரி இருக்கிறது என்று அப்பா கேலி செய்வார். ஆனால் கெட்டியாக நிற்கும், அதனால் விட்டுவிட்டார்.

மோதிய வண்டி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டில்தான் நின்றது. போய்க் குனிந்து பார்க்க ஐந்து நிமிஷம் போதும். நான் பார்க்க விடவில்லை. அப்பா எலும்பு உடைந்து கிடக்கிறார், உனக்குப் பின்தான் பெரிசா என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. அன்று நான் பொய் சொன்னேனா என்றால், இல்லை, எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. அவ்வளவு கெட்டியான ஞாபகம் உள்ளவனுக்குப் போய்ப் பார்க்க என்ன பயம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா மூன்று வருஷம் கட்டிலில் கிடந்தார். அண்ணன் பார்க்க வரும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய வண்டியை அண்ணன் எடுத்துப்போய், நொறுங்கிய இடது பக்கத்தை மட்டும் வேறு எங்கோ சரிசெய்து, அதிலேயே பிழைக்க ஆரம்பித்தான். ஒருநாள் அதை வாசலில் நிறுத்திவிட்டு, இப்போதாவது வந்து பாருங்கள் என்றான். நான் படியில் நின்றபடியே, வண்டி இப்போது உன் கையில் இருக்கிறது, எத்தனை பின் வேண்டுமானாலும் உன் இஷ்டத்துக்கு மடக்கிக்கொள்ளலாம் என்றேன். அதோடு அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். அப்பா போனபோது வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுப் போனான். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இன்றுவரை அவன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவனுக்குப் பெண் பிறந்து ஐந்து வருஷம் ஆகிறது.

இப்போது அதே வண்டியை அதே பட்டறைக்குள் விட்டு, ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. சமையலறை ஜன்னல் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

லூசான மூட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இன்னொருத்தன் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். எது தாமதமாக அசைகிறதோ அதுதான் குற்றவாளி. அண்ணன் மேலே, நான் கீழே. மெதுவாக ஆட்டு என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் கை அடுத்த மூட்டுக்குப் போகிற நேரம் அவனுக்கு மேலிருந்தே தெரிந்தது, நிறுத்தி, திரும்ப ஆட்டினான். ஏழு வருஷமாகத் தனியாக வேலை செய்து, கண்ட கஸ்டமரை உட்கார வைத்து, ஆட்டு என்றால் முழுச் சுற்றுச் சுற்றுகிற மடையர்களோடு மாரடித்தவனுக்கு அது எப்படி இருந்தது என்று சொன்னால் வெட்கம். நன்றாக இருந்தது. இவன் இல்லாமல் எனக்குப் பட்டறையே பிடிக்காமல் போயிருந்தது என்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தெரிந்தது.

இரண்டு பக்க முனைகளும் போயிருந்தன. ரப்பர் கிழிந்து, கிரீஸ் வற்றி, கையால் அசைத்தாலே கடகடவென்றது. இடது பக்கத்தை முதலில் எடுத்தேன். மூட்டு மாட்டியிருக்கிற இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியதும் விழுந்தது. பழைய முனையை எத்தனை சுற்றில் கழற்றினேனோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றினேன், இல்லாவிட்டால் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும். நட்டை முறுக்கி, பின்னையும் நானே போட்டு மடக்கினேன். அப்பா விழுந்ததிலிருந்து என் பட்டறையில் சட்டம் மாறிவிட்டது. எல்லாவற்றையும் நானே செய்வேன், யாரையும் நம்ப மாட்டேன். இதைப் பெருமையாக வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு வலது பக்கம் நகர்ந்தேன்.

ஏழு வருஷத்து மண்ணும் கிரீஸும் நட்டின் மேல் கல்லாகியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, டீசலில் நனைத்த துணியால் துடைத்தேன். பின் தெரிந்தது. இரண்டு கால்களும் ஒரே பக்கமாக நட்டைச் சுற்றி முறுக்கியிருந்தன.

அவனே பிறகு மாட்டியிருப்பான் என்று நினைக்க முயன்றேன். மனசு அதைத்தான் முதலில் பிடித்தது. ஆனால் நான் இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறவன். பின்னும் நட்டும் ஒரே துருவாக ஒட்டிக்கிடந்தன, பின்னின் கால் நட்டில் பதிந்து பள்ளமே விழுந்திருந்தது. இடையில் ஒருதரம் கழற்றி மாட்டியிருந்தால் எங்காவது ஒரு கீறல் இருக்கும். எதுவும் இல்லை. இது அன்றைக்குப் போட்ட பின்தான். வலது பக்கம் பின் போட்டது அண்ணன். அப்படியென்றால் வலதை முறுக்கியவன் நான், இடதை முறுக்கியவன் அவன். இடது பக்கம் பின் போட வேண்டியவன் நான்.

அன்றைக்கு இடது பக்கத்துக்குப் பின் எடுக்க டப்பாவைத் தேடிப் போனேன், அப்போது கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள், போய்ப் பேசிவிட்டு வந்தேன் என்பதுகூட அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்தபோது அண்ணன் வலது பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். வேலை முடிந்தது என்று நானும் கையைத் துடைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம். இதை ஏன் என்னிடம் கொண்டுவந்தான்? மார்க்கெட் மெக்கானிக் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தால் இவனுக்கு என்ன குறைந்துபோகும்? அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. சுவரைப் பார்த்துக்கொண்டே செத்த மனுஷனை எழுப்பி இந்தப் பக்கம் திருப்பிவிட முடியுமா? அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். துணி கையிலேயே இருந்தது.

மேலே ஸ்டீயரிங் அசையவில்லை.

"யாரு மடக்கினதுடா?" என்று கேட்டான்.

கேள்வியில் கோபம் இல்லை. பழி தீர்க்க வந்தவன் கேட்கிற மாதிரியும் இல்லை. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை வாங்கினவன் டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஒரே துரு. ஒண்ணும் தெரியல," என்றேன்.

"நல்லா தொடச்சுப் பாரு."

கட்டிங் பிளேயரை எடுத்துப் பின்னின் காலை வெட்டினேன். டக்கென்று ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று அவனுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மறு காலையும் வெட்டி, மிச்சத்தைத் தட்டி வெளியே எடுத்து, பக்கத்திலிருந்த கழிவு ஆயில் தட்டில் போட்டேன். கறுப்பு எண்ணெயில் ஒரு குமிழி வந்து உடைந்தது. எப்படியும் பழைய பின்னைத் திரும்பப் போடக் கூடாது, வெட்டித்தான் ஆக வேண்டும். வேலை அப்படி. அதை அவனிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன்.

கதவு திறந்து மூடியது. அவன் செருப்பு தட்டின் பக்கத்தில் வந்து நின்றது. நான் கீழேயே படுத்திருந்தேன், வெளியே வரத் தைரியம் இல்லை.

"ஏழு வருஷமா இந்தப் பக்கம் ஒருத்தனையும் தொட விடலடா," என்றான். "கிரீஸ் அடிக்கக்கூட விடல. நீ பாத்தா போதும்னு இருந்தேன். நீ பாத்தா சொல்லிடுவேன்னு நெனச்சேன்."

நான் ஸ்பேனரைப் போட்டு நட்டைக் கழற்றினேன். வாயைத் திறந்து 'நீதாண்ணே மடக்கினது' என்று இரண்டு சொல் சொல்ல எனக்கு எல்லா வசதியும் இருந்தது. முகத்தைக்கூடக் காட்ட வேண்டியதில்லை, வண்டிக்கு அடியிலிருந்தே சொல்லியிருக்கலாம். ஏழு வருஷமாக நல்ல பிள்ளையாக இருந்து பழகிவிட்டேன். அம்மா தினமும் சாப்பாடு போடும்போது என்னைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட முடியவில்லை. இதை இவ்வளவு பச்சையாகச் சொல்வதால் என் மேல் யாருக்காவது இரக்கம் வந்தால், வேண்டாம்.

புது முனையை ஏற்றி, நட்டை முறுக்கினேன். பின் போடுவதற்கு வெளிச்சம் போதவில்லை என்று சக்கரத்தை முழுக்கத் திருப்பச் சொல்ல வெளியே தலையை நீட்டியபோது அம்மா வந்துகொண்டிருந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. அண்ணன் சட்டென்று நிமிர்ந்து நின்றான். நாற்பத்தைந்து வயசு ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அம்மா அவனை நேராகப் பார்க்கவில்லை. ஒரு டம்ளரை அவன் கை எட்டுகிற இடத்தில், பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். அவளுக்கு அவன்மேல் பாசம் போகவில்லை என்பது அந்த டம்ளரை வைத்த விதத்திலேயே தெரிந்தது. கைப்பிடி இல்லாத டம்ளர், சுடும் என்று தன் முந்தானைத் துணியைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். வைத்த பிறகும் கையை எடுக்காமல் ஒரு கணம் நின்றாள். ஆளு பாதியாய்ப் போயிட்டான் என்று என்னிடம் சொன்னாள், அவன் அங்கே இல்லாதது போல.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். ஆத்திரமே இல்லை. இப்போது சொல்லு, இப்போதாவது சொல்லிவிடு என்று பிச்சை கேட்கிற பார்வை. சொல்ல வேண்டிய ஆளும் கேட்க வேண்டிய ஆளும் மூன்றடி தூரத்தில் இருந்தோம்.

அம்மா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டவள், எதை எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"வலது பக்கம் இன்னும் பின் போடலயா?" என்றாள்.

"போடணும்மா."

"நீயே போடுப்பா. அவன் கையில விடாதே." குரல் உடைந்தது. "அவனுக்கும் பொண்டாட்டி, புள்ளை இருக்கு. பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

ஏழு வருஷத்தில் அவனுக்காக அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அண்ணன் டீயை எடுக்கவில்லை. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டியைத் தொடாமல் ஓரடி தள்ளிப்போய் நின்றான். கண் மட்டும் இன்னும் என் மேலேயே இருந்தது.

"சரிம்மா, நானே போடறேன்," என்றேன்.